கைகாட்டி திரும்பியபோது: தொலைபேசி சர்வரில் தெரியாமல் நடந்த அப்கிரேட்

திங்கள் காலை ஏழே முக்காலுக்கு, நான் பராமரிக்கும் ஒரு மருத்துவமனையின் வரவேற்பிலிருந்து அழைப்பு வந்தது. அதுவும் அந்தப் பெண்ணின் சொந்த செல்போனிலிருந்து. "சார், வார்டுக்கும் லேபுக்கும் கூப்பிட முடியலை. வெளியிலிருந்து கூப்பிட்டாலும் மணியே அடிக்கலையாம்."

போனதும் அங்குள்ள தொலைபேசிகளை இணைக்கும் சர்வரைத் தொடவில்லை. தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி, பிரதான எண்ணை வரவேற்பு மேசையிலிருந்த செல்போனுக்குத் திருப்பினோம். நோயாளி கூப்பிட்டால் யாராவது எடுக்க வேண்டும். சர்வர் அரை நாள் காத்திருக்கலாம்.

அப்புறம் லாக் கோப்புகளைத் திறந்தேன். சர்வரின் இயங்குதளமான டெபியன் 12 இருந்த இடத்தில் டெபியன் 13. சனி இரவு அங்குள்ள கணினிப் பணியாளர், வழக்கமான அப்டேட் என்று நினைத்து ஓட்டியிருக்கிறார். மென்பொருள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பில், 'புக்வார்ம்' என்ற 12-இன் பதிப்புப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்டேபிள்' என்று இருந்தது. 'ஸ்டேபிள்' வெறும் கைகாட்டி. அன்றைக்கு எது நடப்புப் பதிப்போ அதைக் காட்டும். 2025 ஆகஸ்ட் 9 அன்று அது 'ட்ரிக்ஸி' எனும் 13-ஐ நோக்கித் திரும்பிவிட்டது. அப்டேட்டை நடத்தும் ஏபிடி கட்டளை சும்மா விடவில்லை. பெயர் மாறியிருக்கிறது, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்கும். எத்தனையோ கேள்விகளுக்கு 'ஒய்' தட்டிப் பழகிய விரல் அதற்கும் தட்டிவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அழைப்புகளை இணைக்கும் மென்பொருள் ஆஸ்டரிஸ்க். அதை நிர்வகிக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் 17 டெபியன் 12-க்காக, பிஎச்பி என்ற நிரல்மொழியின் 8.2 பதிப்பை நம்பிச் செய்யப்பட்டது. பிஎச்பி 8.4 வந்ததும், ஆஸ்டரிஸ்க்கை எழுப்பும் கட்டளையே பாதியில் நின்றுவிட்டது. எக்ஸ்டென்ஷன்கள் (உள் தொலைபேசி எண்கள்) ஊமையானது அதனால்தான். இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலும் 6.1-லிருந்து 6.12-க்குப் போயிருந்தது. தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பு வந்து சேரும் பிஆர்ஐ கார்டை இயக்கும் டாடி (DAHDI) டிரைவரை அந்தந்தக் கர்னலுக்கென்று உருவாக்க வேண்டும். புதிய கர்னலுக்கு அது இல்லை. ஒரே நேரத்தில் 30 அழைப்புகளைத் தாங்கும் அந்த இணைப்பு கம்பியில் உயிரோடு இருந்தும் சர்வரின் கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த நேரத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை, ஒவ்வொரு பேக்கேஜாகப் பழைய பதிப்புக்கு இறக்கிவிடலாம் என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். டெபியன் அப்படி இறங்குவதை ஆதரிப்பதில்லை. தரவுத்தள மென்பொருளான மரியாடிபி 10.11-லிருந்து 11.8-க்கு ஏறிய தரவுக் கோப்புகளைப் பழைய பதிப்பு ஒழுங்காகத் திறக்கும் என்றும் நம்ப முடியாது.

அந்த டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்தினேன். புது டிஸ்க்கில் டெபியன் 12, ஃப்ரீபிபிஎக்ஸ் 17, டாடி, அதன்மேல் கடைசி பேக்கப். அந்த பேக்கப்பும் பழைய டிஸ்க்கில்தான் இருந்தது! டிஸ்க்கே கெட்டிருந்தால் நூற்றுச் சொச்சம் எக்ஸ்டென்ஷனையும் ஒவ்வொன்றாகக் கையால் அடித்திருக்க வேண்டும். வாய்ஸ்மெயிலையும் அழைப்புப் பதிவுகளையும் தனியாக நகலெடுத்தேன். 'சவுண்ட்ஸ்' ஃபோல்டரை இருமுறை சரிபார்த்தேன். "புறநோயாளிகள் பிரிவுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று, பணி ஓய்வு பெற்றுப் போன ஒரு செவிலியர் பேசிய குரல் அதில் இருந்தது. வேறெங்கும் அதற்கு நகல் கிடையாது.

மதியம் இரண்டரைக்கு வார்டிலிருந்து லேபுக்கு முதல் அழைப்பு போயிற்று. சோர்சஸ் லிஸ்டில் 'புக்வார்ம்' என்று இருக்கிறதா என்று பார்த்து, பேக்கப் தினமும் வேறொரு கணினிக்குப் போகும்படி செய்துவிட்டுக் கிளம்பினேன். அந்த வாரமே நான் பார்க்கும் மற்ற சர்வர்களையும் திறந்து பார்த்தேன். இன்னும் இரண்டில் அதே 'ஸ்டேபிள்' இருந்தது.