மருந்துச் சீட்டை குரூப்பில் போடாதீர்கள்

மழைக்காலம் வந்தாலே பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் இது நடக்கும். ஒரு பையனுக்குக் காய்ச்சல். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் படமெடுத்து, "எங்க வீட்ல இதுலதான் சரியாச்சு" என்று அவனுடைய அம்மா குரூப்பில் போடுகிறார். நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார். இரண்டு நாள் கழித்து, அதே மருந்தை வாங்கிக் கொடுத்தும் காய்ச்சல் விடாத இன்னொரு குழந்தையோடு வேறொரு அம்மா என்னிடம் வருகிறார். அவர் நீட்டும் போனில் இருப்பது, யாரோ ஒரு மருத்துவர் யாரோ ஒரு குழந்தைக்கு எழுதிய சீட்டு.

குழந்தை மருத்துவராக இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இணையத்தில் பொய்ச் செய்தி பரவுகிறது என்று எல்லோரும் பேசுகிறோம். அந்தச் சீட்டில் பொய்யே இல்லை. அந்தப் பையனுக்கு, அவன் எடைக்கு, அந்த வாரத்துக்கு அது சரியான சீட்டு. பகிரப்படும்போது அந்த மூன்றும் உதிர்ந்து, மருந்தின் பெயரும் அளவும் மட்டும் ஊர் சுற்றுகின்றன.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு வீடு இருக்கும் மருந்து. ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. ஆனால் கடையில் கிடைக்கும் பாட்டில்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. மருந்து இருக்கும், இன்னொன்றில் அதே 5 மி.லி.க்கு 250 மி.கி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மி.லி.யில் 100 மி.கி. இப்போது "5 மி.லி. கொடுங்க" என்ற வரி குரூப்பில் வருகிறது. வீட்டில் சொட்டு மருந்து பாட்டில் வைத்திருப்பவர் அதிலிருந்து 5 மி.லி. எடுத்தால் 500 மி.கி. உள்ளே போகிறது. 10 கிலோ குழந்தைக்கு இது மூன்று மடங்கைத் தாண்டிய அளவு. நாலு வேளையும் அப்படியே கொடுத்து, இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படும். தொடக்கத்தில் வெளியே பெரிதாக எதுவும் தெரியாது என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம்.

ஒரு காலத்தில் தகவல் ஆளோடு சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி கை வைத்தியம் சொன்னால், குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வார். மறுநாள் வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்பார். சொன்னது பலிக்காவிட்டால் அவரிடமே போய்க் கேட்கலாம். ஃபார்வர்டில் வரும் தகவலுக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது. யார் எழுதியது, எந்த வருடம், எந்த ஊர், எதுவும் தெரியாது. ஆனால் அனுப்பியவர் நம் சித்தப்பா. எழுதியவர் மேல் வைக்க வேண்டிய நம்பிக்கையை அனுப்பியவர் மேல் வைத்துவிடுகிறோம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு பார்த்தது. தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியை 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் முகாம் அப்போது தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2016 செப்டம்பரில், ஜியோ வந்து டேட்டாவை இலவசமாகக் கொடுத்திருந்தது. முகாம் நடந்த நாட்களிலும் அந்த இலவசம் தொடர்ந்தது. படம், ஆடியோ, வீடியோ எல்லாம் செலவில்லாமல் வீடு வீடாகப் போயின. அதே வழியில் தடுப்பூசி பற்றிய பீதியும் போனது. பெற்றோர் சம்மதிக்கத் தயங்கினார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சிலும் நடத்த வேண்டியிருந்தது.

என்னை மிகவும் வருத்தியது எது தெரியுமா? தனியார் கிளினிக்கில் பல வருடமாகக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட எம்எம்ஆர் ஊசியில் இருப்பதும் தட்டம்மை, ரூபெல்லா மருந்துகள்தான். கூடவே பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தும் இருக்கும். அதை எந்தப் பயமும் இல்லாமல் போட்டவர்களே, பள்ளிக்கூடத்தில் இலவசமாக வந்தபோது பயந்தார்கள். ரூபெல்லா பெரும்பாலும் குழந்தையை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும் நோய். ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால், பிறக்கும் குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம், கண்ணில் புரை வரலாம், இதயத்தில் குறை இருக்கலாம். இதைச் சொல்லும் ஆடியோ எந்தக் குரூப்பிலும் அந்தப் பீதியின் வேகத்தில் ஓடவில்லை.

எம்எம்ஆர் ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பயம் இன்றும் ஃபார்வர்டில் வருகிறது. அதன் வேர், 1998இல் வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் குழுவினரும் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை. வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே வருடம் அவருடைய மருத்துவர் பதிவும் ரத்தானது. பயம் மட்டும் தேதி இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மருத்துவத்துக்கு வெளியே இன்னும் கொடுமையான உதாரணம் உண்டு. குழந்தைகள் பாதுகாப்புக்காக கராச்சியில் ஒரு விழிப்புணர்வு வீடியோ எடுத்தார்கள். பைக்கில் வருபவர்கள் ஒரு சிறுவனைத் தூக்கிப் போவார்கள். பிறகு திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். மிச்சம், பிள்ளை பிடிக்கும் கும்பலின் நிஜக் காட்சியாக 2018இல் இந்தியாவில் பரவியது. அந்த வருடம் மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த ஒரு வயதான பெண்மணியைப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து அடித்தே கொன்றார்கள். நாட்டின் வேறு இடங்களிலும் இதே வதந்தியால் உயிர்கள் போயின.

அதற்குப் பிறகுதான், அந்த ஜூலையில், வாட்ஸ்அப் 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற குறிப்பைச் சேர்த்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடியும் மாற்றியது. நல்ல மாற்றங்கள். ஆனால் சித்தப்பா மேல் இருக்கும் நம்பிக்கையை அந்தச் சின்ன அம்புக்குறி தொடக்கூட முடியாது.

அதனால் வீட்டுப் பெரியவர்களை குரூப்பில் வைத்துத் திருத்தாதீர்கள். எல்லோர் முன்னாலும் மறுத்தால் அவர் தான் அனுப்பியதையே விடாமல் பிடித்துக்கொள்வார். தனியாகக் கூப்பிட்டு, "இதைச் சொன்ன டாக்டர் யாரு? எப்போ சொன்னது?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்பது அவருக்கே புரியும். மருந்து பற்றிச் சந்தேகம் என்றால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அவர் கிடைக்காவிட்டால், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 104க்குப் போன் செய்யலாம்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழில் எழுதுங்கள், பேசுங்கள். பெயரும் தேதியும் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கட்டும், வெட்ட முடியாத இடத்தில். சீட்டில் குழந்தையின் எடையை எழுதுங்கள். மருந்து சொட்டா சிரப்பா, எத்தனை மி.கி. என்பதையும் எழுதுங்கள்.

போனே வேண்டாம் என்று சொல்லவில்லை. சில நோய்களைக் கண்டுபிடிக்க அது எனக்குப் பெரிய துணை. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பில், குழந்தை திடீரென்று தலையைக் குனிந்து கைகளை விரித்து மடக்கும், ஒரு நொடிதான். தூங்கி எழுந்ததும் அடுத்தடுத்து வரும். வயிற்று வலி என்றும் பயத்தில் துள்ளுகிறது என்றும் வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். கிளினிக்கில் இருக்கும் பத்து நிமிடத்தில் அது வராமலே போகலாம். அம்மா எடுத்து வரும் வீடியோவைப் பார்த்தால் பெரும்பாலும் புரிந்துவிடும். சீக்கிரம் சிகிச்சை தொடங்குவது மூளை வளர்ச்சிக்கு மிக முக்கியம் என்பதால் அந்த வீடியோவுக்கு அவ்வளவு மதிப்பு.

அப்படி எடுக்கும்போது வெளிச்சம் இருக்கட்டும், போர்வையை விலக்குங்கள். முகமும் கை கால்களும் சேர்ந்து தெரிய வேண்டும். எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை முறை என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு மட்டும் அனுப்புங்கள். குரூப்பில் போட்டு "இது என்னவா இருக்கும்?" என்று கேட்க வேண்டாம்.