பட்ஜெட்டின் முதல் வரியில் ஆடும் பிள்ளைகள்

இரண்டு வருஷத்துக்கு முன், தீபாவளி நெருங்கிய நேரம். இலங்கை மலையகத்தின் மஸ்கெலியா பக்கத்திலிருந்து மூன்று இளைஞர்கள் ஹட்டனில் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களுடைய தேயிலைத் தோட்டத்தில் எட்டுப் பிள்ளைகள் ஹிப்ஹொப், பிரேக்கிங் ஆடுகிறார்களாம். அவர்களைச் சினிமாப் பாட்டுக்கு ஆடவிடாமல் கர்நாடக சங்கீதத்துக்கு ஆடவைத்து இருபது நிமிடப் படம் எடுக்க வேண்டும், பணம் திரட்ட வழி சொல்லுங்கள் என்றார்கள். கைபேசியில் ஒரு வீடியோத் துண்டைக் காட்டினார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துச் சீமெந்துத் தரை, பின்னால் பனி, ஒலிபெருக்கியில் ஒரு தில்லானா. சொற்கட்டு முடிகிற இடத்தில் ஒரு பெண்பிள்ளை ஒற்றைக் கையை ஊன்றி, கால்கள் மேலே போக, அப்படியே நிற்கிறாள். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். இந்தப் படம் வந்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அப்புறம் பட்ஜெட்டைக் கேட்டேன். கொப்பித் தாளொன்றை நீட்டினார்கள். கெமரா வாடகை, லென்ஸ், ட்ரோன், லைட், வேன், சாப்பாடு, எடிட்டிங், போஸ்டர் எல்லாம் இருந்தன. ஆடுகிறவர்களுக்கு ஒரு சதம் இல்லை.

"பிள்ளைங்களுக்கு?" என்று கேட்டேன்.

"அவங்க நம்ம பிள்ளைங்க தானே அண்ணே. சும்மாவே ஆடுவாங்க."

குறும்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் தயாரிப்பு வேலையும் கணக்கும் பார்த்து வருகிறேன். இந்தப் பதிலைக் கேட்காத வருஷமே எனக்கு இல்லை. சொல்கிறவர்கள் கெட்டவர்களும் இல்லை. கெமராக்காரர் காசு கேட்பார், வேன்காரர் கேட்பார், பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். கேட்காதவர்களின் பங்கு தாளில் ஏறுவதில்லை, அவ்வளவுதான். அதனால் யார் வந்து கேட்டாலும் நான் முதலில் ஒன்றையே சொல்கிறேன்: ஆடும் பிள்ளைகளுக்கான பணத்தை முதல் வரியில் எழுதுங்கள். கெமரா அதற்குக் கீழே வரட்டும்.

அந்த எட்டுப் பேரில் மூவர் கொழும்பில் கடைகளில் வேலை செய்கிறார்கள். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். தோட்டத்தில் வேலை செய்த நாளை நாம் 'பேர்' என்கிறோம். அரைப் பேர் போட்டால் அரைச் சம்பளம். ஒத்திகைக்கு வந்த நாளும் ஒரு பேர்தான். படம் பிடிக்கும் நாளுக்கு மட்டும் காசு கொடுத்து, இருபது நாள் ஒத்திகையை 'ஆர்வம்' என்ற கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

ஒத்திகை ஏன் அத்தனை நாள் என்று கேட்பார்கள். இந்தப் பிள்ளைகள் எல்லாவற்றையும் எட்டு எண்ணித்தான் ஆடுகிறார்கள். கர்நாடக சங்கீதத்தின் ஆதி தாளத்துக்கும் எட்டு எண்ணிக்கை, அதனால் அது அவர்கள் காலில் சட்டென்று உட்கார்ந்துவிடும். மிஸ்ர சாபு தாளத்துக்கு ஏழு. எட்டாவது எண்ணுக்குக் கால் தரைக்கு வரும்போது பாட்டு அடுத்த சுற்றைத் தொடங்கியிருக்கும். ஆதி தாளத்திலும் சிக்கல் உண்டு. ஒரு கோர்வை, அதாவது தாளச் சொற்களின் கோப்பு, எங்கே தொடங்கி எப்படித் தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து விழுகிறது என்பதைக் காது பழகாமல் கால் பழகாது. ஒரு மிருதங்கக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லிக் காட்ட வேண்டும். அவருக்கும் பேர் போட வேண்டும்.

இன்னொன்று தரை. சீமெந்தில் முழங்காலும் மணிக்கட்டும் தாங்காது. அந்தப் பெண்பிள்ளையின் சப்பாத்து அடி இரண்டு இடத்தில் பிளந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது. பிளைவூட் பலகை, முழங்கால் உறை, எட்டுச் சோடி சப்பாத்து, அடிபட்டால் வைத்தியச் செலவு. நான்கையும் எழுத வைத்தேன். அதற்கு ஈடாக ட்ரோனை இரண்டு நாளிலிருந்து அரை நாளாகக் குறைத்தோம். மலையை மேலிருந்து காட்டும் படங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

அடுத்து இசை. அதிகப் படங்கள் சாகிற இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "பழைய பாட்டு, அதுக்கு யார் உரிமை கேக்கப்போறா" என்று நினைக்கிறார்கள். இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். பாட்டை ஆக்கியவரின் வாழ்நாளும், அதற்குப் பின் 70 வருஷமும் பதிப்புரிமை நிற்கும். தியாகராஜர் 1847இல் மறைந்தார், தீட்சிதர் 1835இல், சியாமா சாஸ்திரி 1827இல். இவர்களின் ஆக்கங்களை யாரும் எடுத்துப் பாடலாம், வாசிக்கலாம். ஆனால் பாபநாசம் சிவன் காலமானது 1973. கைபேசியில் நான் பார்த்த தில்லானா லால்குடி ஜெயராமன் அமைத்தது. அவர் போனது 2013. 'கர்நாடக சங்கீதம்' என்றால் எல்லாமே பழசு என்ற எண்ணத்தை விட வேண்டும்.

அதைவிடப் பெரிய பொறி ஒலிப்பதிவு. கீர்த்தனை தியாகராஜருடையதாக இருக்கலாம், நீங்கள் இறக்கிய பதிவு ஒரு பாடகருடையது, ஒரு நிறுவனத்துடையது. பதிவுக்குத் தனி உரிமை உண்டு, அதுவும் 50 வருஷம். சில வருஷங்களுக்கு முன் நான் கணக்குப் பார்த்த ஒரு படம் இதில் மாட்டியது. படம் முடிந்து வெளிநாட்டு விழா ஒன்றுக்கு அனுப்பினோம். தெரிவானது. இசை அனுமதிக் கடிதம் கேட்டார்கள், எங்களிடம் இல்லை. பதிவின் உரிமையாளர்கள் சொன்ன தொகை எங்கள் மொத்த பட்ஜெட்டை விட அதிகம். வேறு பதிவைப் போட்டுப் பார்த்தோம். பாட்டின் வேகம் மாறிவிட்டது, கால் ஓரிடத்தில், தாளம் வேறிடத்தில். அந்தப் படம் இன்றும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. அந்தக் கடிதத்தைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டியது என் வேலை. ஆடிய பிள்ளைகளில் ஒருவர் இப்போதும் வழியில் கண்டால் "படம் எப்ப சேர் வரும்?" என்கிறார். எனக்குப் பதில் இல்லை.

அதனால் மஸ்கெலியாப் பிள்ளைகளுக்குப் புதிதாகவே வாசித்துப் பதிவு செய்தோம். தியாகராஜரின் பஞ்சரத்தினத்தில் நாட்டை ராகக் கீர்த்தனை, ஆதி தாளம். கூடவே தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ஒன்று. வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு அவர் சங்கராபரணத்தில் ஆக்கியவை அவை. வெளியிலிருந்து வந்ததை நம்முடையதாக்கும் வேலை 200 வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது, ஹிப்ஹொப்பைப் பார்த்து முகம் சுளிக்கிற பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். வயலின், மிருதங்கம், ஓரிடத்தில் மட்டும் தப்பு மேளம். காமன் கூத்துக்குத் தப்படிக்கிற தோட்டத்துக்காரர் ஒருவர் வந்து அடித்தார். மிருதங்கக்காரருக்கு என்ன கூலியோ அதே கூலிதான் அவருக்கும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மூவரிடமும் பதிவுக்கு முன்பே கையெழுத்து வாங்கினோம்.

ஆடுகிறவர்களிடமும் அப்படித்தான். அசைவுகளைக் கோத்து அமைத்தவருக்கு அந்த நடன அமைப்பு ஓர் ஆக்கம், பதிப்புரிமை உள்ளது. ஆடுகிறவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. ஆனால் படத்தில் சேர்க்க ஒருமுறை சம்மதித்துவிட்டால், அதற்குப் பிறகு அதை வைத்துப் பெரிதாக எதையும் கேட்க முடியாது. கெமரா ஓடத் தொடங்கும் முன்பே எழுத வேண்டும். எத்தனை நாள், எவ்வளவு, படம் விற்றால் என்ன பங்கு, துண்டுகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா கூடாதா. தமிழில், ஒரே பக்கத்தில், வாசித்துக் காட்டி. 18 வயதுக்குக் கீழே என்றால் தாயோ தகப்பனோ கையெழுத்திட வேண்டும். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆனது, அதையும் நினைவில் வையுங்கள். எங்கள் குழுவில் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒத்திகைகளைச் சனி, ஞாயிறுக்கு மாற்றினோம்.

இனிப் பணம். இணையத்தில் பலரிடம் பணம் திரட்டும் தளமான "கிக்ஸ்டார்ட்டரில் போடுவோம்" என்று எல்லோரும் வருகிறார்கள். இலங்கையிலிருந்து நேரடியாக அங்கே திட்டம் தொடங்க முடியாது. லண்டன் மாமா, ரொறன்ரோ அத்தை பெயரில் தொடங்குகிறார்கள். இலக்குத் தொகை முழுதும் சேராவிட்டால் ஒரு சதமும் கைக்கு வராது. சேர்ந்தால் 5 வீதம் அவர்களுக்கு, அதற்கு மேல் பணம் செலுத்தும் கட்டணம் வேறு. பணம் போய் விழுவது மாமாவின் வங்கிக் கணக்கில், வரிக் கேள்வி வந்தாலும் அவருக்குத்தான். மாமா நல்லவர்தான். ஆனாலும் அவரோடு எழுத்தில் ஓர் உடன்படிக்கை இருக்கட்டும்.

ஊருக்குள் கேட்பதற்கு நமக்கு நல்ல பழக்கம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. திருவிழாவுக்குத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கெல்லாம் போய்க் காசு தண்டி, முடிந்ததும் கோயில் கமிட்டி கணக்கு வாசிப்பது. நான் சொல்வதும் அதேதான். இரண்டு பேர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு, கடைசியில் எல்லோர் கண்ணிலும் படும்படி கணக்கு.

கம்பனிக் காசு என்றால் கூடுதல் கவனம். ஒரு தடவை ஒரு நிறுவனம் வாய்ப்பேச்சில் காசு கொடுத்தது. படம் முடிந்ததும் பிள்ளைகள் ஆடும் துண்டுகளை வெட்டித் தங்கள் பொருளுக்கு விளம்பரமாக ஓட்டியது. கேட்டதற்கு, "நாங்க தானே காசு தந்தோம்" என்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் நாங்கள் வாயடைத்து நின்றோம். அனுசரணை தருகிறவரின் பெயர் எங்கே, எத்தனை விநாடி, அதைத் தாண்டி எதற்கு உரிமை இல்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் மறுக்காமல் கையெழுத்திடுகின்றன. நாம் கேட்பதில்லை.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்துக்கு நிர்வாகத்தின் கடிதம், ரயில் பாதைக்கு ரயில்வே திணைக்களம், ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. மழையையும் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே கடைசியில் தென்மேல் பருவம் பிடித்தால் பல கிழமைக்கு வெயில் இல்லை. அந்த நேரம் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். தைப்பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வரும் நாட்களையே நாங்கள் எடுத்துக்கொண்டோம். காலையில் விறைத்துப்போகும் குளிர், ஆனால் தரை காய்ந்திருந்தது.

சித்திரையில் படத்தைத் தோட்டத்து மண்டபத்தில் போட்டோம். வாசல் சுவரில் முழுக் கணக்கையும் ஒட்டியிருந்தோம், முதல் வரியிலிருந்து எட்டுப் பிள்ளைகளின் பெயர்களும் நாட்களும் தொகைகளும். கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்த ஓர் அம்மா, படங்குச் சாக்கை இன்னும் இடுப்பிலிருந்து அவிழ்க்காமல், விரலை வைத்து வரி வரியாக வாசித்துக்கொண்டு வந்தார். தன் மகளின் பெயரில் விரல் நின்றது. ஆட்டம், 26 நாள்.

"இது பேர் போட்ட மாதிரியா தம்பி?" என்றார்.

"ஆமாக்கா. ஒத்திகையும் சேர்த்து."

இன்னொரு தடவை அந்த வரியை வாசித்தார். அப்புறம் உள்ளே போய் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தார்.