படங்கை வரிந்து கட்டினால் படகு பிழைக்காது

தை பிறந்தால், படகு உறை தைக்கும் என் கடைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணை, படகைத் திறந்தோம், உள்ளுக்கு எல்லாம் பழுதாப் போச்சு." இந்த வருடம் மூன்றாவதாக வந்தது ஊர்காவற்றுறைப் பக்கத்து ஃபைபர் படகு ஒன்று. சீசனில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவது. ஐப்பசியில் அதைக் கரைக்கு இழுத்து, நீலப் படங்கால் அணியத்திலிருந்து இஞ்சின் வரை சுற்றி, நைலோன் கயிற்றால் பொதிபோல வரிந்து கட்டிவிட்டு, உரிமையாளர் கொழும்புக்குப் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து அவிழ்த்தால் மெத்தைகள் எல்லாம் கறுத்த பூஞ்சணம், ஒட்டுப்பலகை ஊறிப் பொங்கியிருக்கிறது, வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறது. "ஒரு சொட்டு மழைகூட உள்ளுக்குப் போகேல்லை, பிறகு எப்படி?" என்று அவர் என்னையே கேட்டார்.

அப்படிக் கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வாரத்துக்கு ஒருவராவது வந்து, இருப்பதிலேயே தடித்த படங்கைக் காட்டச் சொல்லி, காற்றுக்கூட நுழையாமல் தைத்துத் தரக் கேட்கிறார்கள். தம்பிமாரே, காற்று நுழையத்தான் வேண்டும்.

கரைக்கு ஏற்றும்போது உங்கள் படகு காய்ந்திருப்பதில்லை. அடியில் இரண்டு வாளித் தண்ணீர், நனைந்த கயிறு, உப்பேறிய மெத்தை எல்லாம் உள்ளேதான் கிடக்கின்றன. உப்பு இருக்கும் இடத்தில் ஈரம் லேசில் விடாது. பகல் வெயிலில் அந்த ஈரம் அவிந்து மேலே போகும், இரவில் படங்கின் உட்பக்கத்தில் வியர்த்து, விடியமுன் திரும்பவும் மெத்தையிலேயே சொட்டும். அடுத்த நாளும் இதே கதைதான். பிட்டு அவியும்போது நீத்துப்பெட்டியை மூடிய தட்டைத் தூக்கி அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். உங்கள் படகு மூன்று மாதம் அதற்குள்தான் கிடந்தது. மழைக்குக் குடை பிடிக்கிறோம், சாக்குக்குள் புகுந்து வாயைக் கட்டிக்கொள்வதில்லையே! படகுக்கும் குடைதான் தேவை. மேலே மூடியிருக்க வேண்டும், பக்கத்தில் கீழ் ஓரம் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் மழை அடிக்காதபடி கவிழ்த்த தொப்பிபோல ஒவ்வொரு காற்றுவாய் வைத்தே நான் தைப்பேன். அதை "ஓட்டை" என்று சொல்லி பிளாஸ்டிக் நாடாவால் ஒட்டி மூடியவர்களும் இருக்கிறார்கள்.

பெற்றோல் தாங்கியை உள்ளே வைத்து இறுக்கி மூடுபவர்களை என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. படகின் அடியில் போய்க் கிடக்கும். தாங்கியைக் கழற்றி வீட்டுக்கு வெளியே, நிழலில் வையுங்கள். நீண்ட நாள் மூடிய படகைத் திறந்தவுடன் சுவிட்சைத் தட்டாதீர்கள், சிகரட்டோடு கிட்டப் போகாதீர்கள். நன்றாகக் காற்றோட விட்டு, மணம் போன பிறகு ஏறுங்கள்.

அடுத்தது துணி. நீலப் படங்கு பொலித்தீன் இழையில் நெய்தது. எங்கள் வெயிலுக்கு அது சீக்கிரமே பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடி போய் தண்ணீர் இறைக்கும் பம்பை அடைக்கும். லொறிகளுக்குப் போடும் பிவிசி படங்கு உறுதிதான், ஆனால் மூச்சு விடாது. இஞ்சினுக்கு மேலே, பக்கம் திறந்த கூரைக்கு என்றால் அதைத் தாராளமாகப் போடலாம். முழுப் படகையும் மூட நான் சொல்வது நூலாகும் முன்பே சாயமேற்றிய அக்ரிலிக் துணி. வெயிலுக்கு நிறம் லேசில் போகாது, தண்ணீரைத் தடுக்கும், ஆவியை விடும். விலையைச் சொன்னதும் பாதிப்பேர் எழும்பிவிடுவார்கள். அவர்களிலும் பிழையில்லை. காசு இல்லாவிட்டால் பனஞ்சலாகையால் முகடு போட்டு, மலிவுப் படங்கை அதற்கு மேல் கூரைபோல இழுத்து, இரு முனையையும் திறந்து விடுங்கள். விலை கூடிய துணியில் காற்றுப் புகாமல் தைத்த உறையை விட அது எவ்வளவோ மேல். எனக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்தாலும் பரவாயில்லை.

துணியைத் தடவித் தடவிப் பார்ப்பவர்கள் நூலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. நல்ல துணியில் தைத்த உறைகளில் பெரும்பாலும் முதலில் சாவது நூல்தான். சட்டை தைக்கும் நூலால் தைத்தால் அடுத்த சோளகக் காற்றுக்கே தையல் பிரியும். வெயில் தாங்கும் தடித்த பொலியெஸ்டர் நூலாவது வேண்டும். நெருக்கித் தைத்தால் உறுதி என்பதும் பொய். அங்குலத்துக்கு 5, 6 தையல் போதும். அதற்கு மேல் போனால் தபால் முத்திரைத் தாளில் துளையிட்டதுபோல அந்த வரியிலேயே கிழியும். வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் ஓடிய காலத்தில் பருத்திப் பாய்தான். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் பாய் விரித்துத்தான் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போய் 1938இல் சேர்ந்தது. பருத்தி நனைந்தால் நூல் ஊதி ஊசித்துளையைத் தானே அடைக்கும். இன்றைய செயற்கை இழை அப்படி ஊதாது, தையல் வரியில் கசியும். அதனால் மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். கிடுகு வேய்வதுபோல மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஏறியிருக்க வேண்டும். கயிறு கோக்கும் கண்கள் பித்தளையில் இருக்கட்டும், இரும்பென்றால் ஒரே மாரியில் கறல் ஒழுகும்.

நடுவில் பள்ளம் விழாமல் முகடு கொடுங்கள். 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலத்தில் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கினால் 200 லீற்றர். நாலு சீமெந்து மூட்டைப் பாரம்! கூரைக் கம்பி வளையாமல் என்ன செய்யும்? நுளம்பு வேறு. "கடற்கரைத் தண்ணீரில் டெங்கு நுளம்பு வராது" என்று சொல்பவர்களுக்கு ஒன்று: கிழக்குக் கரையில் நடந்த ஆய்வில், கைவிட்ட வள்ளங்களில் தேங்கிய சவர்த் தண்ணீரிலேயே அதன் குடம்பிகளைக் கண்டிருக்கிறார்கள். மழை விட்டதும் ஒரு தடவை போய்ப் பள்ளத்தைத் தட்டிவிடுங்கள். நீங்கள் கொழும்பில் இருந்தால் பக்கத்து வீட்டுப் பெடியனிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் உறையைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குள் வையுங்கள். 2020 டிசம்பரில் புரெவி வந்தபோது, உறையோடு விட்ட ஒரு சின்னப் படகைக் காற்று தூக்கிப் புரட்டிப் போட்டதை நானே பார்த்தேன். இவ்வளவு காசு கொடுத்துத் தைத்ததைக் கழற்றுவதா என்று யோசிக்காதீர்கள், காற்றுக்கு அது பாய். மற்ற நாட்களில் உறை படபடக்காமல் இருக்க வேண்டும். படபடக்கும் துணி மூலைகளில் தேய்ந்தே போய்விடும். பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிக் கயிற்றோடு சேர்த்துக் கட்டினால் இழுபட்டுக் கொடுக்கும். நான் மூலைக்கு மூலை ஒட்டுப் போட்டுத் தருகிறேன், ஆனால் ரியூப் கட்டுவது உங்கள் வேலை.

கழுவ நல்ல தண்ணீர் போதும். புளீச் ஊற்றாதீர்கள், தண்ணீர் பீச்சும் மெசினைக் கிட்டப் பிடிக்காதீர்கள். கழுவியதை நன்றாகக் காயவைக்காமல் மடிக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒரு கெஞ்சல். அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 18 அடிப் படகு என்று சொல்லும் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அணியம் வேறு, வளைவு வேறு. நான் வந்து படகின் மேலேயே பொலித்தீன் விரித்துக் கோடு போட்டுத்தான் வெட்டுவேன். அன்றைக்கு அண்டெனா, கொடிக்கம்பு, இருக்கை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். போன மாதம் ஒருவர் படகு துப்புரவாக இருக்க வேண்டுமென்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி உறையைப் போட்டுப் பார்த்த அன்று நடுவில் அரை அடி முட்டுகிறது.