எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட் வாங்கும் முன்

கடந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா அங்கே தனியாக வசிக்கிறார். டிவி, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் ரிசீவர், செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், டிஸ்க் ப்ளேயர் என்று ஐந்து ரிமோட்டுகளோடு அவர் திணறுவதைப் பார்த்த மகன், வெளிநாட்டிலிருந்தபடியே, எல்லாக் கருவிகளையும் இயக்கும் ஒரு யுனிவர்சல் ரிமோட்டை இணையத்தில் வாங்கி அனுப்பியிருந்தார். நான் போனபோது பழைய ஐந்தோடு அது ஆறாவதாகக் கிடந்தது. படம் வந்தால் சத்தம் வருவதில்லை, சத்தம் வந்தால் படம் வருவதில்லை என்ற நிலையில் மூன்று வாரங்களைக் கழித்துவிட்டு, "எனக்குத்தான் இதெல்லாம் பிடிபடல தம்பி" என்று அந்த அம்மா தம்மையே நொந்துகொண்டார். தவறு அவருடையதல்ல, ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கும் நான், இதே தவறான தேர்வைச் சரிசெய்ய இந்த ஆண்டில் ஏறிய படிகள் மிக அதிகம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ரிமோட் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது, அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'இத்தனை ஆயிரம் கருவிகளுக்குப் பொருந்தும்' என்ற எண்ணை. தயவுசெய்து அந்த எண்ணை மறந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் இருப்பவை நான்கைந்து கருவிகள். அவை எந்த வழியில் கட்டளையைக் கேட்கின்றன என்பதுதான் கேள்வி. டிவியும் ரிசீவரும் செட்டாப் பாக்ஸும் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியில் கேட்கின்றன. ஃபயர் டிவி ஸ்டிக்கில் அகச்சிவப்பைப் பெறும் கண்ணே கிடையாது. அது புளூடூத்தில் பேசுகிறது. பிளேஸ்டேஷன் 5-உம் அப்படியே. கண் இல்லாத கருவிக்கு முன்னால் எத்தனை ஆயிரம் குறியீடுகள் (கருவிக்கான கட்டளைகள்) உள்ள ரிமோட்டை நீட்டினாலும் அது அசையாது.

"ஸ்டிக்கோடு வந்த ரிமோட்டே டிவியின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறதே, அப்படியென்றால் அது அகச்சிவப்புதானே?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். அந்த ஒரே ரிமோட்டுக்குள் இரண்டு வழிகளும் இருக்கின்றன: ஸ்டிக்கோடு பேசப் புளூடூத், டிவியோடு பேச அகச்சிவப்பு. அதன் ஒலிப் பொத்தானை, கற்றுக்கொள்ளும் வசதியுள்ள வேறொரு ரிமோட்டுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கலாம்; அதாவது, பழையது அனுப்பும் ஒளியைப் புதியது பார்த்துப் பதிந்துகொள்ளும். நடுவில் இருக்கும் வட்டப் பொத்தானைக் கற்றுக்கொடுக்க முடியாது, ஏனென்றால் அதை அழுத்தும்போது ஒளியே வெளிவருவதில்லை. வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்துங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில், அகச்சிவப்பாக இருந்தால் திரையில் ஊதா நிறத்தில் மினுக்கும். வாங்கும் முன் ஐந்து நிமிடம் செலவழித்து இதைச் செய்யுங்கள்.

அடுத்த சிக்கல் பவர் பொத்தான். தாம்பரத்து வீட்டில் நடந்தது இதுதான். பல கருவிகளில் இயக்கவும் அணைக்கவும் ஒரே குறியீடுதான். 'படம் பார்' என்று ஒரு பொத்தானை அமைத்து, டிவிக்கும் ரிசீவருக்கும் அடுத்தடுத்து அந்தக் குறியீட்டை அனுப்பினால் முதல் நாள் சரியாகவே நடக்கும். மறுநாள் வீட்டு வேலைக்கு வந்தவர் டிவியை மட்டும் கையால் அணைத்துவிட்டுப் போயிருப்பார். அதன்பின் பொத்தானை அழுத்தும்போது டிவி உயிர்பெறும், ரிசீவர் அணைந்துவிடும். இதற்குத் தீர்வு, இயக்குவதற்கு ஒன்றும் அணைப்பதற்கு வேறொன்றுமாகத் தனித்தனிக் குறியீடுகள். பல கருவிகளுக்கு இவை உண்டு. ஆனால் கூடவே வந்த ரிமோட்டில் இவற்றுக்குப் பொத்தான் இல்லாமல் இருக்கலாம், ஆகவே கற்றுக்கொள்ளும் ரிமோட்டால் மட்டும் இவற்றைப் பெற முடியாது, ரிமோட்டிலேயே முன்கூட்டிச் சேர்த்துவைத்திருக்கும் குறியீட்டுக் களஞ்சியத்தில் இருந்தாக வேண்டும். 'அணை' என்று அமைத்த பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். இரண்டாவது முறை கருவி மீண்டும் இயங்கினால், உங்களிடம் இருப்பது தனிக் குறியீடு அல்ல.

இதைவிட முக்கியமாக, பல வீடுகளுக்கு யுனிவர்சல் ரிமோட்டே தேவையில்லை. டிவி, சவுண்ட்பார், ஒரு ஸ்டிக் என்ற அளவில் இருப்பவர்கள் எச்டிஎம்ஐ-சிஇசி வசதியை, அதாவது எச்டிஎம்ஐ கேபிளில் இணைந்த கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்ளும் வசதியை, இயக்கினாலே போதும். சாம்சங் இதை எனிநெட்+ என்றும், எல்ஜி சிம்ப்ளிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைப்பதால், கையிலேயே இருக்கும் வசதி பலருக்குத் தெரிவதில்லை. சவுண்ட்பாரை டிவியில் ஏஆர்சி (ARC) என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில்தான் செருக வேண்டும்; டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் துளை அதுதான். சிஇசியை இயக்கிவிட்டு, அதன்மேல் யுனிவர்சல் ரிமோட்டிலும் பவர் கட்டளைகளை அடுக்காதீர்கள். ஒன்று அணைத்ததை மற்றொன்று மீண்டும் எழுப்பிவிடும்.

கருவிகள் மூடிய அலமாரிக்குள் இருந்தால் ரிமோட்டின் ஒளி அவற்றை எட்டாது; ரிமோட்டிடம் கட்டளையைப் பெற்றுக் கருவிகளுக்கு அனுப்பும் பெட்டியான ஹப் உள்ள வகை வேண்டும். அதை வாங்கும்போது, இணையம் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யுமா, தயாரித்தவர் கைவிட்டால் அமைப்பை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இத்துறையில் பெரிதும் மதிக்கப்பட்ட ஹார்மனி என்ற யுனிவர்சல் ரிமோட் வரிசையை லாஜிடெக் நிறுவனமே 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பல புரொஜெக்டர்கள் அணைக்கும்போது உறுதிகேட்டு இரண்டாவது அழுத்தத்துக்குக் காத்திருக்கும், ஆகவே சிறிது இடைவெளியுடன் கட்டளையை இருமுறை அனுப்ப வேண்டும். ஏசியையும் இதிலேயே சேர்க்க விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தத்திலும் வெப்பநிலை, விசிறி வேகம் உட்பட முழு நிலையையும் அனுப்புகிறது. அதன் 'கூட்டு' பொத்தானைக் கற்றுக்கொடுத்தால் கிடைப்பது, அப்போதிருந்த ஒரே ஒரு வெப்பநிலைதான்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குத் தொடுதிரை ரிமோட் வாங்காதீர்கள்; இருட்டில் கட்டைவிரல் தடவி அறியும் மேடுள்ள பொத்தான்களே அவர்களுக்கு உதவும். அகச்சிவப்பு வசதியுள்ள கைப்பேசியை ரிமோட்டாக்குவதும் வேண்டாம், அது காலையில் உரியவரோடு அலுவலகத்துக்குப் போய்விடுகிறது.

அந்த அம்மாவின் வீட்டில் செட்டாப் பாக்ஸை நேராக டிவியில் இணைத்து, ஒலியை ஏஆர்சி வழியே ரிசீவருக்குத் திருப்பி, சிஇசியை இயக்கினேன். இப்போது டிவி ரிமோட், செட்டாப் பாக்ஸ் ரிமோட் என்று இரண்டு மட்டும் அவர் கையில் இருக்கின்றன. மற்றவற்றின் பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, ஓர் உறையில் போட்டு டிவிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். நீங்களும் பழையவற்றைத் தூக்கி எறியாதீர்கள். நாளை புதியதற்குக் கற்றுக்கொடுக்க அந்த மூல ரிமோட்தான் வேண்டும்.