ரீமாஸ்டரில் கூடியது பேஸா, சத்தமா?

போன மாதம் ஒரு தம்பி என் மாஸ்டரிங் அறைக்கு வந்திருந்தான். கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் கற்றுக்கொள்கிறான், இருபது வயதிருக்கும். கையில் ஒரு பழைய ராக் ஆல்பத்தின் சிடி, முப்பது வருஷத்துக்கு முந்தியது. பென் டிரைவில் அதே ஆல்பத்தின் புது ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவின் ஓசையை மறுபடி சரிசெய்து விட்ட பதிப்பு. "அண்ணா, இதுல பேஸ் எப்படி வந்திருக்கு பாருங்க, பழசுல ஒண்ணுமே கேக்கல" என்றான். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். அவன் சொன்னது சரி மாதிரிதான் இருந்தது. புதியதில் பேஸ் நெஞ்சில் வந்து முட்டியது.

அப்புறம் இரண்டின் சராசரிச் சத்தத்தையும் அளந்தேன். ரீமாஸ்டர் 6 டெசிபல் கூடுதல். அந்த 6ஐக் குறைத்துவிட்டு, எது எது என்று சொல்லாமல் மறுபடி போட்டேன். இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டான். "இதுதான் புதுசு, விரல் தந்தியில உரசுறதுகூடக் கேக்குது" என்று அவன் கைகாட்டியது பழைய சிடியை.

ஆல்பத்தின் பெயர் வேண்டாம். இந்தக் காட்சியை வேறு வேறு ஆல்பங்களோடு, வேறு வேறு ஆட்களோடு நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஏமாறுவது காதின் குற்றமும் இல்லை. சத்தம் குறைவாக இருக்கும்போது கீழ் ஸ்வரங்கள் நம் காதுக்குச் சரியாக எட்டாது. சத்தத்தைக் கூட்டக் கூட மற்றவற்றைவிட அவைதான் வேகமாக மேலே வரும். பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து வளைகோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆகவே ஒரு ரெக்கார்டிங்கை அப்படியே சத்தமாக்கி விற்றாலே "பேஸ் வந்துவிட்டது" என்று தோன்றும்.

வீட்டில் ஒப்பிடுவதற்கு அளவுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பாடகரின் குரலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழையதிலும் புதியதிலும் குரல் ஒரே அளவில் கேட்கும்வரை சத்தமானதைக் குறையுங்கள். அதற்குப் பிறகு பேஸைக் கேளுங்கள். பாட்டுச் செயலிகளில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் அமைப்பு ஒன்று இருக்கும், அதைப் போட்டுவைத்தாலும் ஓரளவு போதும். 'பேஸ் பூஸ்ட்' என்று இருப்பதை மட்டும் தயவுசெய்து அணைத்துவிடுங்கள்.

அட்டையில் இருக்கும் இரண்டு சொற்களையும் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு. வைத்து இறக்கிய சாம்பாரில் உப்பு, புளி சரிசெய்வது மாஸ்டரிங். அடுப்பில் மறுபடி ஏற்றி, எந்தக் காயை எவ்வளவு போடுவது என்பதிலிருந்து தொடங்குவது ரீமிக்ஸ். மிக்ஸில், அதாவது வாத்தியங்களைக் கலக்கும்போதே, பேஸ் குறைவாகப் போயிருந்தால், மாஸ்டரிங் செய்கிற என் போன்றவனால் பேஸை மட்டும் தூக்க முடியாது. கீழ், மேல் ஸ்வரங்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் அந்த இடத்தைத் தூக்கினால் கிக் டிரம்மும் கிட்டாரின் அடிப்பகுதியும் சேர்ந்தே எழும்.

இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் மெட்டாலிகா என்ற ராக் குழுவின் 1988ஆம் ஆண்டு ஆல்பம் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. பேஸ் வாசித்தவர் ஜேசன் நியூஸ்டெட். 1986இல் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு குழுவுக்கு வந்தவர். ஆல்பம் முழுக்க அவர் வாசித்திருக்கிறார், ஆனால் தேடித்தான் கேட்க வேண்டும். ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஆளுக்கொரு கதை இருக்கிறது; தொழில்காரனாக நான் பார்ப்பது, கிட்டாரின் ஓசையே கீழ்ப்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்பதையும், பேஸ் பெரும்பாலும் கிட்டார் போகும் வழியிலேயே போவதையும்தான். 2018இல் ரீமாஸ்டர் வந்தபோது இந்த முறையாவது பேஸ் கேட்கும் என்று நிறையப் பேர் காத்திருந்தார்கள். கேட்கவில்லை. மிக்ஸைத் தொடாமல் செய்த வேலையில் கேட்கவும் கேட்காது.

ரஷ் குழுவின் 'வேப்பர் டிரெய்ல்ஸ்' இன்னொரு மாதிரி. 2002இல் வந்தது. கெட்டி லீ வாசித்த ஆல்பத்தில் பேஸ் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எல்லாவற்றையும் எல்லைக்கு மேல் சத்தமாக்கியதில் ஓசையே கிழிந்துபோயிருந்தது. கடைசியில் 2013இல் டேவிட் பாட்ரில் முழு ஆல்பத்தையும் ரீமிக்ஸ் செய்ய வேண்டியதாயிற்று. இந்தச் சத்தப் போட்டியில் முதலில் அடிபடுவது பேஸ்தான் என்பது என் அனுபவம். கீழ் ஸ்வரத்தில்தான் ஆற்றல் அதிகம். சத்தத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரில் முதலில் போய் இடிப்பது அதுவும் கிக் டிரம்மும்தான். ஒவ்வோர் இடிக்கும் லிமிட்டர் மொத்தத்தையும் அழுத்தும். ஸ்வரத்தின் நீளம் மிஞ்சும்; விரல் தந்தியை விட்டு விலகும் அந்த முதல் கணம் போய்விடும். வாசித்தவர் யார் என்பது அந்தக் கணத்தில்தான் இருக்கிறது.

எல்லா ரீமாஸ்டரும் மோசம் என்று சொல்ல வரவில்லை. பழைய ஆல்பங்களில் பேஸ் உண்மையிலேயே அடக்கி வைக்கப்பட்டது உண்டு. காரணம் ஊசி. இசைத்தட்டில் கீழ் ஸ்வரம் என்றால் பள்ளம் அகலமாக வளைந்து போக வேண்டும். அளவுக்கு மீறினால் மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளிவிடும், தட்டு கடைக்குத் திரும்பி வரும். அதனால் தட்டு வெட்டும்போதே கீழ் ஸ்வரங்களைக் குறைத்து வெட்டி, பிளேயரில் அதே அளவு கூட்டிக்கொள்வது என்று 1950களிலிருந்து ஒரு பொது வளைகோடே இருக்கிறது. அதற்கும் மேல் பயந்து குறைப்பவர்களும் இருந்தார்கள்.

1969இல் வந்த, லெட் செப்பலின் குழுவின் 'லெட் செப்பலின் 2' ஆல்பத்தின் கதையைக் கேட்டிருப்பீர்கள். முதலில் வெட்டியவர் பாப் லட்விக். பேஸும் டிரம்மும் டேப்பில் இருந்த வீச்சோடு அப்படியே தட்டில் இறங்கின. லட்விக் பின்னாளில் சொன்னபடி, அட்லாண்டிக் நிறுவனத் தலைவர் அகமது எர்டிகனின் மகள் வீட்டிலிருந்த சாதாரண பிளேயரில் அது துள்ளியிருக்கிறது. உடனே அந்த வெட்டை நிறுத்திவிட்டு, அடக்கி வாசிக்கும் இன்னொரு வெட்டை வெளியிட்டார்கள். உலகம் முக்கால்வாசி கேட்டது அந்த இரண்டாவதைத்தான். முதல் தட்டுகளில் பாட்டு முடிந்த பிறகு லேபிளுக்குப் பக்கத்தில் வரும் வெற்று வளையத்தில் ஆர்.எல். என்று கீறியிருக்கும். இன்றும் பழைய தட்டு சேகரிப்பவர்கள் பாட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த இரண்டு எழுத்தைத்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள்.

லண்டனில் பீட்டில்ஸ் குழுவுக்கும் இதே பிரச்சினைதான். அமெரிக்கத் தட்டுகளில் பேஸ் இவ்வளவு முன்னால் நிற்கிறதே, நமக்கு ஏன் வரவில்லை என்பது பால் மெக்கார்ட்னியின் குறை. 1966 ஏப்ரலில் 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவானபோது ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் ஒரு ஸ்பீக்கரையே மைக்காகத் திருப்பி பேஸ் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைத்தார். ஸ்பீக்கரின் பெரிய கூம்பு கீழ் ஸ்வரங்களை நன்றாகப் பிடிக்கும். மெக்கார்ட்னி கையில் இருந்ததும் வயலின் உருவத்து ஹாஃப்னர் இல்லை, ரிக்கன்பேக்கர். அடுத்த வருஷம் 'சார்ஜென்ட் பெப்பர்' வந்தபோது அவர் இன்னும் ஒரு படி போய், பல பாட்டுகளில் மற்றதெல்லாம் முடிந்த பிறகு தனியாக உட்கார்ந்து பேஸைக் கடைசியாக வாசித்தார். பாட்டு எப்படிப் போகிறது என்று முழுசாகத் தெரிந்த பிறகு வாசிக்கிற பேஸ் அது. இரண்டாவது பாடகர் மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அப்போது நான்கே டிராக், தனித்தனியாகப் பதிய டேப்பில் நான்கே தடம். இடம் போதாமல் நான்கையும் கலந்து இன்னொரு டேப்பில் ஏற்றி, அதற்கு மேல் மறுபடி பதிவார்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஓசை கொஞ்சம் தேயும். 2017இல் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தை ஜைல்ஸ் மார்ட்டின் ரீமிக்ஸ் செய்தபோது, அப்படிக் கலப்பதற்கு முந்திய டேப்களிலிருந்து எடுத்தார். 2022இல் வந்த, பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்ப ரீமிக்ஸ் அதைவிட விசித்திரம். 'டாக்ஸ்மேன்' பாட்டில் கிட்டார், பேஸ், டிரம் மூன்றும் ஒரே டிராக்கில் ஒட்டிக்கிடந்தன. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருளைக் கொண்டு அவற்றைப் பிரித்தார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது, 'கலந்ததைப் பிரிக்க முடியாது' என்பதுதான் முதல் பாடம். இப்போது அதைச் சொல்லித்தர எனக்கே தயக்கமாக இருக்கிறது.

ஆக, ஒரு ரீமாஸ்டர் எந்த டேப்பிலிருந்து வந்தது என்பதுதான் விஷயம். சிடி வந்த புதிதில் சில ஆல்பங்களை, தட்டு வெட்டுவதற்கென்று கீழ் ஸ்வரம் குறைத்து வைத்திருந்த நகல் டேப்பிலிருந்தே சிடியாக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஆல்பத்துக்கு மூல டேப்பைத் தேடிப் பிடித்து ரீமாஸ்டர் செய்தால், பேஸ் நிஜமாகவே திரும்பி வரும். உள்ளே வரும் சிறு புத்தகத்தில் மூலம் என்ன என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எதுவும் எழுதாமல் 'ரீமாஸ்டர்' ஒட்டு மட்டும் இருந்தால், காசு கொடுப்பதற்கு முன் குரலைச் சமப்படுத்திக் கேட்டுவிடுங்கள்.

சரி, என்னத்தைக் கேட்பது? 'லெட் செப்பலின் 2'இல் 'ரேம்பிள் ஆன்' போடுங்கள். மின்சாரம் இல்லாத சாதாரண கிட்டாரும், எதையோ விரலால் தட்டுகிற மெல்லிய தாளமும் முதலில் வரும். பிறகு ஜான் பால் ஜோன்ஸின் பேஸ் நுழையும். பேஸ் என்றால் கீழே நின்று தாங்குவது என்ற நினைப்போடு கேட்டால் தவறவிடுவீர்கள். சரணத்தில் அவர் மேல் ஸ்வரங்களில் ஒரு தனி மெட்டே பாடிக்கொண்டிருப்பார். பல்லவிக்கு வரும்போது எல்லாரும் சேர்ந்து அடிக்க, அவர் கீழே இறங்கிவிடுவார். அந்த இறக்கத்தை மட்டும் ஐந்தாறு முறை கேளுங்கள். குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் மேற்பார்வையில் 2014இல் வந்த ரீமாஸ்டர் இதற்குப் போதும், என் காதுக்கு அதில் அடாவடி இல்லை. ஸ்வரம் எங்கே முடிகிறது என்றும் கவனியுங்கள். நல்ல பேஸ் கலைஞர் ஸ்வரத்தைத் தொடங்குவதைவிட நிறுத்துவதில்தான் அதிகம் யோசித்திருப்பார். மோசமான மாஸ்டரிங்கில் அந்த நிறுத்தம் மங்கி, ஒரு ஸ்வரம் இன்னொன்றில் வழிந்துவிடும்.

கிட்டாரிலிருந்து பேஸைப் பிரித்துக் கேட்கப் பழக்கம் இல்லாதவர்களுக்கு 'தி ஹூ' குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்'. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பதிவானது. ஜான் என்ட்விசிலின் பேஸை ஒரு பக்கத்திலும் பீட் டவுன்சென்டின் கிட்டாரை மறு பக்கத்திலும் வைத்திருப்பார்கள். இயர்போனில் கிட்டார் பக்கத்தைக் கழற்றிவிட்டால் போதும், டவுன்சென்ட் விலக, என்ட்விசில் தெளிவாகக் கூடவே வருவார். யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயர் இன்னொரு மாதிரி: விரலுக்குப் பதில் பிக் என்ற சிறு தகட்டால் வாசிக்கும் ரிக்கன்பேக்கர், உலோகம் போலக் கீச்சிடும் தந்தி. 'ரவுண்டபவுட்' இருக்கும் 1971ஆம் ஆண்டு 'ஃபிராஜில்' ஆல்பத்தை ஸ்டீவன் வில்சன் 2015இல் ரீமிக்ஸ் செய்தார். பழைய மிக்ஸோடு வைத்துக் கேட்டால், ரீமிக்ஸ் என்றால் என்ன என்று நான் மேலே இழுத்த சாம்பார்க் கதை தேவைப்படாது.

போன் ஸ்பீக்கரில் இதையெல்லாம் கேட்காதீர்கள். நாலு தந்தி பேஸின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதன் பக்கத்தில்கூடப் போகாது. மேலே வரும் 82, 123 போன்ற துணை ஒலிகளை வைத்து மூளையே அடி ஸ்வரத்தை ஊகித்துக்கொள்கிறது.

வீட்டு ஸ்பீக்கர் என்றால் அறையும் சேர்ந்து வாசிக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள், நம்மில் பலருக்கு அதுதான் வாய்க்கிறது. பத்தடி இடைவெளியில் நிற்கும் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஓசை தானாகப் பெருகும். பேஸின் ஏ தந்தி 55. அந்த ஒரு ஸ்வரம் வரும்போதெல்லாம் ஜன்னல் அதிரும், பக்கத்து ஸ்வரங்கள் ஒல்லியாகக் கேட்கும். வாசித்தவர் சீராக வாசிக்கவில்லை என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். அவர் வீட்டுக்குப் போய் மூலையில் சொருகியிருந்த ஸ்பீக்கரை இரண்டடி முன்னால் இழுத்து, அறையின் நட்டநடுவில் இருந்த நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன். செலவு ஒன்றுமில்லை, அவர் வீட்டில் கொடுத்த காபி லாபம்.

கடைசியாக, காது. பேஸ் தேடுகிறவர்கள் சத்தத்தைக் கூட்டுகிறவர்கள், அதிலும் பேருந்து, ரயில் இரைச்சலில். இரைச்சல் முதலில் விழுங்குவதே கீழ் ஸ்வரங்களைத்தான். அதை மீட்க ஒலியளவைத் தள்ளும்போது, காதைக் கெடுக்கும் மேல் ஸ்வரங்களும் சேர்ந்தே ஏறுகின்றன. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் வரை போகலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். 89க்குப் போனால் ஐந்து மணி நேரம்தான். காதை நன்றாக அடைக்கும் இயர்போனோ, இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போனோ வாங்குவது சொகுசு இல்லை. குறைந்த சத்தத்திலேயே பேஸ் கேட்கும்.

எனக்கு இடது காதில் ஓர் இரைச்சல் பத்து வருஷமாக இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்ததும் தொடங்கும். இளவயதில் ஸ்டூடியோவில் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்ததன் மிச்சம் என்று டாக்டர் சொல்கிறார். அதைச் சொன்னபோது அந்தத் தம்பி ஒன்றும் பேசவில்லை. "அண்ணா, இன்னொரு தடவ பழசப் போடுங்க" என்றான். கொஞ்சம் பொறுத்து, "சத்தம் இவ்ளோ போதும்."