ருசி பாக்குறவன மாத்தினா சாம்பார் சரியாயிடுமா? பழைய பிக்கப்பும் செக் எஞ்சின் லைட்டும்

ஹூஸ்டன்ல ஒரு பழைய பிக்கப் வாங்கினேன், 2004 மாடல், வி8 எஞ்சின், 1,80,000 மைல் தாண்டின வண்டி. வித்தவர் நல்லா பேசினாரு, வண்டியும் சட்டுனு ஸ்டார்ட் ஆச்சு, டேஷ்போர்டுல ஒரு லைட்டு கூட இல்ல. சரி நம்ம அதிர்ஷ்டம்னு காசக் கொடுத்து ஓட்டிட்டு வந்துட்டேன். மூணாவது நாள், மொத்தமா ஒரு 70 மைல் ஓட்டியிருப்பேன், சிக்னல்ல நிக்கும்போது அந்த மஞ்சள் எஞ்சின் படம் பட்டுனு எரிஞ்சுது.

ஸ்டியரிங்குக்கு கீழ முட்டிகிட்ட 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், அதுல சொருகுற ப்ளூடூத் டாங்கிள் 20 டாலருக்கே கிடைக்குது, போன்ல ஒரு ஆப் போட்டா கோளாறு கோடு (code) நம்பர் வந்துடும். எனக்கு வந்தது பி0171, பி0174, ரெண்டும் சேர்ந்து. உடனே ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன்.

"மச்சான், சிஸ்டம் டூ லீன்னு வருதுடா, காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தலயாம், ரெண்டு பேங்க்லயும், அதான் வி8ஓட ரெண்டு பக்க சிலிண்டர் வரிசையிலயும்."

"அப்ப ஆக்சிஜன் சென்சார் தான். ரெண்டையும் மாத்திரு, முடிஞ்சுது கத."

சரின்னு டார்ச்ச எடுத்துட்டு வண்டிக்கு அடியில படுத்தேன். எக்ஸாஸ்ட் பைப் பூரா துருப்புடிச்சு கிடக்கு, அதுல ரெண்டு சென்சார் மட்டும் புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளன்னு மின்னுது. அப்பதான் புரிஞ்சுது, எனக்கு முன்னாடி வச்சிருந்தவரும் இதே கோடப் பாத்து, இதே யோசனையக் கேட்டு, இதே சென்சார மாத்தி, லைட்டு திரும்பி வந்ததும் வண்டிய என் தலைல கட்டியிருக்காரு.

சாம்பார்ல உப்பு கம்மின்னு ஒருத்தர் ருசி பாத்து சொன்னா, உப்பு ஏன் கம்மியாச்சுன்னு பாக்காம ருசி பாத்தவர மாத்துற வேல இது. புதுசா வர்றவரும் அதையேதான் சொல்லப் போறாரு. செக் எஞ்சின் லைட்ட வச்சு காசு வீணாகுறதுல பாதி இங்கதான் வீணாகுது, கோடு எந்த பார்ட்டக் கை காட்டுற மாதிரி இருக்கோ அந்த பார்ட் போயிடுச்சுன்னு நினைக்கிறோம். ஆனா வண்டியோட கம்ப்யூட்டர் சொல்றது அது இல்ல. "நான் எதிர்பார்த்தது ஒண்ணு, அளந்து வந்தது வேற ஒண்ணு, கணக்கு இடிக்குது"ன்னு மட்டும்தான் அது சொல்லுது. ஏன் இடிக்குதுன்னு அதுக்கே தெரியாது.

அதோட இந்த லைட்டு எஞ்சினக் காப்பாத்த வந்ததுன்னு நினைச்சா அதுவும் முழுசா சரியில்ல. இது புகைக்காக வந்த லைட்டு. லாஸ் ஏஞ்சலஸ்ல கண்ணு எரியுற அளவுக்கு மூடுபனி மாதிரி புகை கிளம்பினப்ப, கார் புகையும் வெயிலும் சேர்ந்துதான் அது உருவாகுதுன்னு 1950கள் ஆரம்பத்துல கண்டுபிடிச்சவர் கால்டெக் பல்கலைக்கழகத்துல இருந்த விஞ்ஞானி ஹாகன்-ஸ்மிட். அங்க ஆரம்பிச்ச சட்டம் எல்லாம் வளர்ந்து வளர்ந்து, 1996 மாடல்ல இருந்து அமெரிக்காவுல விக்கிற எல்லா கார், இலகு ரக பிக்கப்லயும் ஓபிடி-2, அதாவது வண்டி தன்னத்தானே சோதிச்சுக்குற சிஸ்டம், கட்டாயம்னு ஆச்சு. அதுக்கு அடிப்படை விதி என்னன்னா, ஏதோ ஒரு கோளாறால புகை அனுமதிச்ச அளவவிட சுமார் ஒன்றரை மடங்கு போகுற நிலைமை வந்தா லைட்டு எரியணும். அதனாலதான் பெட்ரோல் டேங்க் மூடி சரியா மூடலன்னாலும் எரியுது, பிரேக் கட்டை தேஞ்சு இரும்போட இரும்பு உரசினாலும் எரிய மாட்டேங்குது. ஆயில் பிரஷருக்கு தனியா சிவப்பு லைட்டு இருக்கு, அது எரிஞ்சா ஓரங்கட்டி எஞ்சின ஆஃப் பண்ணிடணும், மஞ்சள் எரிஞ்சா அவ்ளோ அவசரம் இல்ல. ஆனா மஞ்சள் விட்டு விட்டு மின்னிச்சுன்னா மட்டும் ஓட்டாதீங்க, ஏதோ சிலிண்டர்ல பெட்ரோல் எரியாம அப்படியே எக்ஸாஸ்ட்டுக்குப் போகுதுன்னு அர்த்தம், அது எக்ஸாஸ்ட்ல நச்சு வாயுவ சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள போய் எரிஞ்சு அதையே உருக்கிடும்.

இப்ப லீன்னா என்னன்னு பாப்போம். ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காத்து வேணும். காத்து அதுக்கு மேல போனா லீன், கம்மியானா ரிச். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மூணு விதமான நச்சையும் ஒரே நேரத்துல சுத்தம் பண்ணணும்னா இந்த 14.7ஐ ஒட்டியே இருக்கணும், கொஞ்சம் நகர்ந்தாலும் ஏதோ ஒண்ணு தப்பிச்சு வெளிய போயிடும். அதுக்காக கம்ப்யூட்டர் ரெண்டு இடத்துல அளக்குது. உள்ள வர்ற வழியில மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், அதாவது மேஃப், சூடேத்தின ஒரு மெல்லிசு கம்பி, அதுமேல காத்து பட்டா சூடு தணியும், அதே சூட்டுல வச்சிருக்க எவ்வளவு கரண்ட் தேவப்படுதுன்னு பாத்து எத்தனை கிராம் காத்து போகுதுன்னு கணக்கு போட்டுடும். அந்தக் கணக்குக்கு ஏத்த மாதிரி இன்ஜெக்டர் பெட்ரோல் பீச்சும். வெளிய போற வழியில ஆக்சிஜன் சென்சார், இதுதான் நம்ம ருசி பாக்குற ஆள்.

இந்த ஆக்சிஜன் சென்சார் ஒரு அழகான சாமான். உள்ள சிர்கோனியாவால செஞ்ச ஒரு சின்ன குப்பி, அதுக்கு ஒரு பக்கம் வெளிக்காத்து, மறுபக்கம் எக்ஸாஸ்ட் வாயு. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடாச்சுன்னா அந்த சிர்கோனியா வழியா ஆக்சிஜன் அயனி நகர ஆரம்பிக்கும், ரெண்டு பக்கமும் ஆக்சிஜன் அளவு எவ்வளவு வித்தியாசப்படுதோ அதுக்கேத்தபடி தானே வோல்டேஜ் உண்டாக்கும், சின்ன பேட்டரி மாதிரி. ரிச்னா 0.9 வோல்ட் பக்கம், லீன்னா 0.1 வோல்ட் பக்கம். 1976ல பாஷ் தயாரிச்ச சென்சார் வோல்வோ 240, 260 கார்கள்ல வந்தது, அங்கிருந்து உலகம் பூரா பரவிடுச்சு.

சென்சார் லீன்னு சொன்னா கம்ப்யூட்டர் கொஞ்சம் பெட்ரோல் கூட்டும், ரிச்னா குறைக்கும், நிமிஷத்துக்கு எத்தனையோ தடவ இது நடந்துட்டே இருக்கும். இந்தக் கூட்டல் கழித்தலுக்குப் பேரு ஃப்யூவல் ட்ரிம். அப்பப்ப மாறுறது ஷார்ட் டேர்ம், பழகிப்போய் மனப்பாடமா வச்சிக்கிறது லாங் டேர்ம். ரெண்டும் சேர்ந்து பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா பொதுவா கவலப்பட ஒண்ணும் இல்ல. பிளஸ் 25 பக்கம் போச்சுன்னா, "நானும் கால்வாசி உப்பு கூடப் போட்டுட்டேன், இன்னும் கம்மின்னுதான் சொல்றாங்க"ன்னு கம்ப்யூட்டர் கையத் தூக்கிடும், அதுதான் பி0171. முதல் தடவ நடந்தா பென்டிங்னு குறிச்சு வச்சிக்கும், அடுத்த தடவ ஓட்டும்போதும் அதே கதைன்னா லைட்டப் போடும்.

பி0171 பேங்க் 1க்கு, அதாவது ஒண்ணாம் நம்பர் சிலிண்டர் இருக்குற பக்கத்துக்கு, பி0174 எதிர்ப்பக்கத்துக்கு. இங்கதான் கொஞ்சம் யோசிக்கணும். ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி சென்சார் இருக்கு, ரெண்டும் ஒரே நேரத்துல கெட்டுப் போய் ஒரே மாதிரி பொய் சொல்லுமா? நடக்காதுன்னு இல்ல, ஆனா ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஏதோ ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறதுதான் நியாயம். பொதுவானது என்னென்ன? மேஃப் சென்சார், பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அப்புறம் காத்து உள்ள போற இன்டேக்.

ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தா வேற மாதிரி போயிருப்பேன். அந்தப் பக்கத்து எக்ஸாஸ்ட்ல சென்சாருக்கு முன்னாடி ஒரு விரிசல் இருந்தாலே வெளிக்காத்து உள்ள புகுந்து லீன்னு காட்டும். இன்னொரு வேடிக்கை, ஒரு சிலிண்டர்ல ஸ்பார்க் விழலன்னா அங்க போன பெட்ரோலும் எரியாது ஆக்சிஜனும் எரியாது, அந்த ஆக்சிஜன் அப்படியே வெளிய வந்ததும் சென்சார் லீன்னு கத்தும், கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோல் ஊத்தும். சென்சாருக்கு பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும்.

அடுத்து பாத்தது ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு பதிவான நொடியில வண்டி என்ன நிலைமையில இருந்துச்சுன்னு கம்ப்யூட்டர் ஒரு போட்டோ மாதிரி எடுத்து வச்சிருக்கும், நிறைய பேர் இதத் திறந்தே பாக்க மாட்டாங்க. என் வண்டியில வேகம் 0, 650 ஆர்பிஎம், எஞ்சின் நல்லா சூடா இருந்திருக்கு. அதாவது சிக்னல்ல ஐடில்ல, வண்டி நகராம எஞ்சின் மட்டும் சும்மா ஓடிட்டு, நின்னப்ப.

இதுக்கப்புறம் செஞ்ச சோதனைக்கு பைசா செலவில்ல. ஐடில்ல ட்ரிம் பாத்தேன், ரெண்டு பக்கமும் மொத்தம் பிளஸ் 22, 24. ஆக்ஸிலேட்டர மிதிச்சு 2,500 ஆர்பிஎம்ல புடிச்சேன், சரசரன்னு இறங்கி பிளஸ் 5ல நின்னுச்சு. திரும்ப விட்டா திரும்ப 22. சிரிச்சுட்டேன், பதில் அங்கயே கிடைச்சிடுச்சு.

எப்படின்னா, ஐடில்ல, காத்த உள்ள விடுற கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், பிஸ்டன் இழுக்க இழுக்க இன்டேக் உள்ள வேக்யூம் பலமா இருக்கும், எங்கயாவது ஓட்டை இருந்தா அது வழியா காத்து புகுந்துடும். மேஃப்பத் தாண்டி வர்ற அந்தக் காத்து கணக்குல வராத காத்து. இந்த மாதிரி எஞ்சின் ஐடில்ல வினாடிக்கு சுமாரா 5 கிராம் காத்து இழுக்குதுன்னு வச்சிக்கலாம், ஓட்டை வழியா 1 கிராம் வந்தா 20 சதவீதம் பெட்ரோல் கூடத் தேவ. 2,500 ஆர்பிஎம்ல மொத்தக் காத்து 18 கிராம் போகும்போது அதே 1 கிராம் வந்தா 5, 6 சதவீதம்தான். ஒரு டம்ளர் மோர்ல ஒரு கரண்டி தண்ணி ஊத்தினா நாக்குக்குத் தெரியும், அண்டா மோர்ல அதே கரண்டிய ஊத்தினா யாருக்குத் தெரியும், அந்தக் கதைதான்.

இதுவே பெட்ரோல் பம்ப் தளர்ந்து போயிருந்தா தலைகீழா காட்டும், ஐடில்ல ஒழுங்கா இருக்கும், மேட்டுல ஏறும்போதும் ஹைவேயில மிதிக்கும்போதும்தான் ட்ரிம் ஏறும், ஏன்னா அப்பதான் பம்புக்கு மூச்சு வாங்கும். மேஃப் கம்பியில அழுக்கு படிஞ்சாலும் பெரும்பாலும் காத்து கூடக் கூடத்தான் கணக்கு குறைச்சலா வரும். ஆனா ஒண்ணு, மேஃப் இல்லாம இன்டேக் பிரஷர வச்சு கணக்கு போடுற எஞ்சின்கள்ல இந்த ஓட்டை விதி இப்படி எடுபடாது, ஓட்டை வழியா வர்ற காத்தையும் அந்த பிரஷர் சென்சார் சேர்த்துதான் பாக்கும், அதுல ட்ரிம் ஏறாம ஐடில் மட்டும் தூக்கலா போயிடும். உங்க வண்டி எந்த ரகம்னு முதல்ல பாத்துக்கோங்க.

ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு, எங்கன்னு தேடணும். கடையில ஸ்மோக் மெஷின் வச்சு புகை ஏத்திப் பாப்பாங்க, அதுதான் பாதுகாப்பு. நான் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேய வச்சு எஞ்சின் ஓடும்போது இன்டேக்க சுத்தி கொஞ்சம் கொஞ்சமா அடிச்சேன், ஓட்டைல பட்டா அதுவே எரிபொருளா உள்ள போய் ட்ரிம் டக்குனு கீழ விழும். சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீப்புடிக்கும், தீயணைப்பான் கையில இல்லாம செய்யாதீங்க, சொல்லிட்டேன். இன்டேக்குக்கு பின்னாடி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற ஃபயர்வால் பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்துல பிசிவி ஹோஸ், அதாவது எஞ்சினுக்குள்ள சேர்ற வாயுவ இன்டேக்குக்கு கொண்டு போற குழாய், வந்து சேர்ற ரப்பர் எல்போ. அங்க அடிச்சதும் போன்ல நம்பர் சரிஞ்சுது. கைய விட்டு தடவினா எண்ணெய்ல ஊறி ஊறி வெந்த கத்திரிக்கா மாதிரி கொழகொழன்னு, அடியில நீளமா ஒரு கிழிசல். புது எல்போ 10 டாலர் கூட ஆகல, கைதான் ரெண்டு மணிநேரம் சிராய்ச்சுது. மாத்தினதும் ஐடில்ல பிளஸ் 3.

இதே குழப்பம் பி0420ல வந்தா பர்ஸ் தாங்காது. அது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேலை செய்யலன்னு சொல்ற கோடு, கன்வர்ட்டருக்குப் பின்னாடி இருக்குற ரெண்டாவது சென்சாரோட வோல்டேஜ் அமைதியா இருக்கணும், அதுவும் முன்னாடி இருக்குற சென்சார் மாதிரியே ஏறி இறங்கி ஆடினா உள்ள ஆக்சிஜன் சேமிக்கிற சக்தி போயிடுச்சுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். நிஜமாவே போயிருக்கலாம். ஆனா எஞ்சின் ஆயில் குடிச்சோ, சிலிண்டர்ல பெட்ரோல் எரியாம மிஸ்ஃபயர் ஆகியோதான் அது போச்சுன்னா, ஆயிரக்கணக்குல செலவு பண்ணி மாத்துற புதுசும் அதே வழியிலதான் போகும்.

கோட நான் அழிக்கல, வேணும்னே விட்டேன். கோளாறு இல்லாம தொடர்ந்து மூணு தடவ ஓடினா லைட்டு தானே அணையும், அணைஞ்சுது. அழிச்சா கோடு மட்டும் போகாது, ரெடினஸ் மானிட்டர்னு சொல்ற சுய பரிசோதனை ரிசல்ட்டும் சேர்ந்து அழிஞ்சு, எல்லாம் திரும்ப முதல்ல இருந்து ஓடணும். வண்டி வாங்குற அன்னிக்கே இந்த டாங்கிள சொருகி அந்த மானிட்டர் பக்கத்தப் பாத்திருந்தா பாதிக்கு மேல முடியலன்னு காட்டியிருக்கும், வித்தவர் அன்னிக்கு காலைலதான் அழிச்சிருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். இன்னொன்னும் பாருங்க, சாவிய ஆன் பண்ணினதும் செக் எஞ்சின் லைட்டு எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையணும், முதல்லயே எரியலன்னா பல்பக் கழட்டியிருக்க வாய்ப்பிருக்கு.

எமிஷன் டெஸ்ட்டுக்கு, அதான் புகை சோதனைக்கு, போற நேரத்துல ஒரே ஒரு மானிட்டர் மட்டும் பாக்கி, டேங்க்ல இருந்து பெட்ரோல் ஆவி கசியுதான்னு பாக்குற ஈவேப். 2001 மாடலும் அதுக்குப் பிந்தின வண்டியுமா இருந்தா ஒண்ணு பாக்கி இருந்தாலும் விட்டுடுவாங்க, பாஸ் ஆச்சு. அது ஏன் முடியவே இல்லன்னு அப்புறம்தான் உறைச்சுது. டேங்க் சுமார் 15ல இருந்து 85 சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான், அதுவும் ராத்திரி பூரா ஆறின எஞ்சின்லதான் அந்த சோதனை ஓடும், நான் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது டேங்க்க ஃபுல் பண்ணிட்டே இருந்திருக்கேன்.