இண்டிகா: பெயரில் இந்தியா, பிறப்பில் இந்துகுஷ்

கஞ்சா விதைப் பொட்டலங்களில் 'இண்டிகா டாமினன்ட் ஸ்ட்ரெய்ன்' என்று அச்சடித்திருப்பார்கள். மூன்று சொற்கள். மூன்றையும் அகராதியை வைத்து அப்படியே தமிழாக்கினால் மூன்றுமே தவறாகப் போகும்.

'இண்டிகா' லத்தீன் பெயரடை. 'இந்தியாவுக்குரிய' என்பது அதன் நேர்ப்பொருள். சிந்து என்னும் ஆற்றின் பெயர் பாரசீகத்தில் ஹிந்து ஆனது, கிரேக்கத்தில் இந்தோஸ் ஆனது, அங்கிருந்து லத்தீனுக்குப் போனது. மாமரத்துக்கு மாஞ்சிஃபெரா இண்டிகா, வேம்புக்கு அசாடிராக்டா இண்டிகா, புளிக்கு டாமரிண்டஸ் இண்டிகா என்று தாவரவியல் பெயர்கள் அமைந்தது இப்படித்தான். இவற்றில் புளியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'டாமரிண்டஸ்' என்பதே 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் 'தமர் ஹிந்தி' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, அந்தப் பெயரில் இந்தியா இரண்டு முறை இருக்கிறது. மரத்தின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. ஐரோப்பியர் ஒரு செடியை எந்த நாட்டோடு சேர்த்து அறிந்தார்கள் என்பதைத்தான் இந்த அடைமொழி சொல்கிறது. செடி எங்கே தோன்றியது என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

கஞ்சாவுக்கும் இதே கதைதான், இன்னும் சற்றுச் சிக்கலாக. 1753ல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் ஐரோப்பிய நார்ச்செடிக்குக் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயர் வைத்தார். 'சட்டைவா' என்றால் 'பயிரிடப்படுவது', அவ்வளவுதான். 1785ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் இந்தியாவிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து, இது வேறு இனம் என்று முடிவுசெய்து 'இண்டிகா' என்றார். அவர் விவரித்தது ஒடுங்கிய சிற்றிலை கொண்ட செடி. இன்று சந்தையில் இண்டிகா என்று விற்கப்படும் குட்டையான, புதர்போல் அடர்ந்த, அகன்ற இலைச் செடி அதுவல்ல. 1970களில் அமெரிக்கத் தாவரவியலாளர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷல்டஸ் ஆப்கானிஸ்தானில் கண்ட குட்டைச் செடிகளுக்கு 'இண்டிகா' என்ற பெயரைப் பொருத்தினார். அதன் பிறகே பொருள் இடம் மாறியது. இன்று லமார்க்கின் இந்தியச் செடியைப் போன்றவற்றை வணிகர்கள் 'சட்டைவா' என்கிறார்கள், ஆப்கன் செடியை 'இண்டிகா' என்கிறார்கள். பெயரும் பொருளும் ஏறக்குறைய தலைகீழாகிவிட்டன.

ஆகவே 'இந்தியக் கஞ்சா' என்ற மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சரி, செடிக்குத் தவறு. 'அகலிலைக் கஞ்சா', 'ஒடுங்கிலைக் கஞ்சா' என்பதே பொருந்தும். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய வேறுபாடு அது. இலை ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் விரித்து வைத்துப் பாருங்கள். ஒரே காம்பின் நுனியிலிருந்து ஏழு அல்லது ஒன்பது சிற்றிலைகள் விரல்போல் பிரியும். அகலிலை வகையில் பக்கத்துச் சிற்றிலைகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், பச்சை கருமையாக இருக்கும். ஒடுங்கிலை வகையில் சிற்றிலைகளுக்கு இடையே வெளிச்சம் தெரியும்.

அடுத்தது 'டாமினன்ட்'. பள்ளிப் பாடநூலில் இதற்கு 'ஓங்கு' என்று படித்திருக்கிறோம்: ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. அந்தச் சொல்லை இங்கே போடக் கூடாது. மெண்டல் சொன்ன ஓங்குதன்மை ஒரு மரபணு இணையில் எந்தப் பண்பு வெளிப்படும் என்பதைப் பற்றியது. பொட்டலத்தில் உள்ளதோ, மூதாதையரில் எந்தப் பக்கம் அதிகம் என்ற பேச்சு. 'அகலிலை மிகுந்த கலப்பு' என்றால் போதும். '70 விழுக்காடு இண்டிகா' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் வம்சாவளியை வைத்துப் போட்ட கணக்கு, செடியை ஆய்ந்து அளந்ததல்ல. நிலைப்படாத கலப்பு என்றால் ஒரே பொட்டலத்து விதைகளிலேயே ஒன்று குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் வளரும்.

'ஸ்ட்ரெய்ன்' என்பதற்குத் 'திரிபு' என்று எழுதுகிறார்கள். அது நுண்ணுயிரிக்குரிய சொல். பயிருக்கு 'ரகம்' இருக்கிறது. நெல்லுக்கும் கத்தரிக்கும் உழவர் நாள்தோறும் சொல்வது அதைத்தான். 'ஹெம்ப்' என்பதைச் 'சணல்' என்று பெயர்ப்பதும் பிழை. சணல் கார்கோரஸ், சணப்பு குரோட்டலேரியா, இரண்டும் கஞ்சாவுக்கு உறவே இல்லை. 'நார்க்கஞ்சா' என்றால் குழப்பம் வராது.

இத்தனை சொல்லாராய்ச்சி எதற்கு என்றால், மிதவெப்ப மண்டலத்தில் பயிரிடுவோருக்கு 'இண்டிகா' என்ற இந்தச் சொல் காலக்கணக்கைக் குறிக்கிறது. (சட்டம் இடம் தரும் நாடுகளில்தான் இதற்கு வழி. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்த ஒருவர் வீட்டில் மூன்று செடி வரை வளர்க்கலாம்.) கஞ்சா குறும்பகல் தாவரம், அதாவது பகல் குறுகும்போது பூப்பது. உண்மையில் செடி அளப்பது பகலை அல்ல, இடையறாத இருளை. வடக்கு 45 பாகை அட்சரேகையில் ஜூன் 21 அன்று பகல் ஏறத்தாழ 15 மணி 40 நிமிடம். ஆகஸ்ட் நடுவில்தான் அது 14 மணி நேரத்துக்கு இறங்கும். பல ரகங்கள் அதையொட்டியே பூக்கத் தொடங்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒடுங்கிலை ரகத்துக்குப் பூப்பு முற்ற 12 வாரமோ அதற்கு மேலோ ஆகும், அதாவது நவம்பர். அதற்குள் உறைபனி வந்துவிடும். அகலிலை மிகுந்த ரகம் 7 முதல் 9 வாரத்தில் முடித்துக்கொள்ளும், அதாவது அக்டோபர் முற்பாதி. 60 பாகைக்குப் போனால் 14 மணி நேரப் பகல் செப்டம்பர் தொடக்கத்தில்தான் வரும், உறைபனியோ 45 பாகையைவிட முன்னதாகவே வரும். அங்கே இந்தக் கணக்கும் உதவாது. பகலளவைப் பாராமல் வயதை வைத்துப் பூக்கும் ருடெராலிஸ் என்னும் கஞ்சா வகையின் கலப்பே வழி. ஆகவே பொட்டலத்தில் விழுக்காட்டைவிடப் பூப்பு வாரங்களைப் பாருங்கள். தெருவிளக்கு வெளிச்சம் படும் இடத்தில் நடாதீர்கள். இரவை அது துண்டாக்கினால் பூப்பு தள்ளிப்போகும் அல்லது குழம்பும்.

விரைவில் முற்றும் இதே ரகத்துக்கு ஒரு பெரிய பலவீனமும் உண்டு. இந்துகுஷ் மலைகளின் வறண்ட காற்றில் உருவான செடி என்பதால் பூங்கொத்து கெட்டியாக இறுகி இருக்கும். இலையுதிர்கால மழையில் உள்ளே புகுந்த நீர் வெளியேறாது. 15 முதல் 20 பாகை செல்சியஸ் குளிரும் ஈரமும் சேர்ந்தால் போட்ரைட்டிஸ் சினெரியா என்னும் பூஞ்சை பிடிக்கும். இதைச் 'சாம்பல் நோய்' என்று எழுதிவிட வேண்டாம். தமிழ் வேளாண் வழக்கில் சாம்பல் நோய் என்பது இலைமேல் மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் படர்வது, அது வேறு பூஞ்சை. இதைப் 'பூ அழுகல்' என்பதே சரி. கொத்தின் நடுவில் ஒரே ஒரு சிறு இலை மட்டும் மஞ்சளித்துச் சுருங்கி நிற்கும். மெல்ல இழுத்தால் தடையின்றிக் கையோடு வந்துவிடும். அந்த இடத்தைப் பிரித்தால் பழுப்பாகக் குழைந்த காம்பும் சாம்பல் நிற இழைகளும் தெரியும். வெளியே தெரிவதைவிட இரண்டு விரற்கடை கீழே வரை வெட்டி, பைக்குள் போட்டு அகற்ற வேண்டும். உதறினால் வித்துகள் பறந்து பக்கத்துக் கொத்திலும் ஏறும். கத்தியை ஆல்கஹாலில் துடைத்த பிறகே அடுத்த வெட்டு. பூப்புக்கு முன்பே உட்புற இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் தருவதும், மழை நின்றதும் கிளையை ஆட்டி நீரை வடிப்பதும் இதைக் குறைக்கும். முற்றுவதற்கு இரண்டு நாளே இருக்கும்போது ஒரு வார மழை வரப்போகிறது என்றால், காத்திருக்காமல் அறுத்துவிடுங்கள்.